விசாரிக்கப் போன எல்லப்பன்

படாளம் கூட்ரோட்டில் ஏ.சி. போட்ட வேன்களே வரிசையாக நிற்கும். இருந்தாலும் பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள் எல்லப்பனின் பழைய வேனைத்தான் தேடிப் போவார்கள். அவனைக் கூப்பிட்டால் வண்டியோடு விசாரிப்பும் சேர்ந்து வரும். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருக்கும்போது, அவன் வண்டியை நிழலில் விட்டுவிட்டு, டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, தெருமுனை டீக்கடைக்குப் போவான். அங்கிருந்து சலூன். சலூனிலிருந்து இஸ்திரி வண்டி. யாரிடமும் நேராகக் கேட்க மாட்டான். "இந்தத் தெருவுல வண்டி திருப்ப எடம் கீதா?" என்று ஆரம்பித்து, பெண்ணின் அண்ணன் எப்போதிலிருந்து குடிக்கிறான் என்பதில் கொண்டுவந்து நிறுத்துவான். திரும்புகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டீரிங்கை விட்டுவிட்டு, முழுசாகப் பின்பக்கம் திரும்பி உட்காருவான். "பண்ணலாம்" என்பான். இல்லாவிட்டால் "வேணாம்" என்பான். வேணாம் என்றால் ஏன் வேணாம் என்று அடுக்குவான்.

சும்மா சொல்லக் கூடாது, அவன் பொய் சொன்னதே கிடையாது. இல்லாததைக் கட்டிச் சொல்கிற தரகர்களுக்கு நடுவில், "உள்ளத உள்ளபடி சொல்றவன் நான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். அவன் சொன்ன உள்ளதைக் கேட்டு எந்தெந்த வீட்டில் என்னென்ன நடந்தது என்று அவன் திரும்பிப் பார்த்ததில்லை. வண்டி அடுத்த சவாரிக்குப் போய்விடும்.

அவனுக்கு ஒரே மகள், கீர்த்தனா. இருபத்திரண்டு வயது. மதுராந்தகத்தில் ஒரு ரைஸ்மில் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். வாயாடி. வீட்டுக்குள் நுழைந்தால் அன்றைக்கு மில்லில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதை அம்மா கல்யாணியிடம் நடித்தே காட்டுவாள். ஆடி மாதத்தில் அவளுடைய சிநேகிதி, பக்கத்துத் தெருப் பூங்கொடி, பம்புசெட்டுத் தொட்டியில் விழுந்து செத்துப்போனாள். அதற்குப் பிறகு கீர்த்தனாவுக்கு முதலில் தூக்கம் போனது. பிறகு சோறு இறங்கவில்லை. கடைசியில் பேச்சும் போய்விட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். மில்லிலிருந்து ஆள் வந்து கேட்டபோது டைபாய்டு என்று கல்யாணி சொல்லி அனுப்பினாள். பயந்திருப்பாள் என்று மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், கோயில் கோயிலாகக் கூட்டிப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மகள் தேய்ந்துகொண்டே வந்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெனிட்டாதான் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டாள்.

"இன்னாண்ணா நீங்க, பொண்ண இப்பிடிப் போட்டு வெச்சிகினு கீறீங்க? செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில மனநலத்துக்குன்னே டாக்டருங்க கீறாங்க. காலைல இட்டுகினு போங்க."

எல்லப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆஸ்பத்திரி வராந்தா அவனுக்குத் தெரியாதா? அந்த பெஞ்சில் ஒரு மாப்பிள்ளைப் பையன் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு கல்யாணத்தையே "வேணாம்" என்று சொன்னவன் அவன். தன் மகளை அதே பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைப்பானா?

"அங்க வேணாம்மா. சுத்துப்பட்டு ஜனமே அங்கதான் வருது. நாளைக்கி அவளுக்கு ஒரு எடம் பாக்க வேணாவா? மெட்ராஸ்ல யாருனா இருந்தா சொல்லு. காதும் காதும் வெச்சாப்ல முடிச்சிரணும்."

ஜெனிட்டா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். மாத்திரை எழுதிக் கொடுப்பவர் மனநல டாக்டர்; உட்கார வைத்துப் பேசிக் குணப்படுத்துகிறவர் சைக்காலஜிஸ்ட். "ஆனா போர்டு மாட்டிகினு இருக்கிறவன்லாம் சைக்காலஜிஸ்ட் இல்லண்ணா. அதுக்குன்னு படிச்சி, டில்லி கவுன்சில்ல பேரப் பதிஞ்சி, நம்பர் வாங்கி இருக்கணும். நம்பர் இன்னான்னு கேளுங்க. என்கிட்ட சொல்லுங்க, நான் செல்லுல பாத்துச் சொல்றேன். நம்பர் இல்லன்னா ஏந்து வந்துருங்க."

விசாரிப்பதற்கு எல்லப்பனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? வேனை எடுத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினான். தாம்பரத்தில் ஆரம்பித்தான். ஒருவர் கையெழுத்தைப் பார்த்து மனசைச் சொல்லுவாராம். இன்னொருவர் கண்ணை மூடவைத்துப் போன ஜென்மத்துக்கே அனுப்பி வைப்பாராம். ஒரு அம்மாள் சுவர் முழுக்கச் சர்டிபிகேட் மாட்டியிருந்தாள். நம்பர் எங்கே என்று கேட்டதும் தண்ணீர் குடிக்கப் போனவள் வரவேயில்லை. இதையெல்லாம்விட அவனைப் பேஜாராக்கியது டீக்கடைகள்தான். "மேல இருக்கிற டாக்டரம்மா எப்பிடி அண்ணாத்த?" என்று கேட்டால், "மேல டாக்டர் இருக்காங்களா?" என்று திருப்பிக் கேட்டார்கள். மாடியில் குடியிருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட இந்த ஊரில் எவனுக்கும் தெரியவில்லை. என்ன ஊரோ, என்ன ஜனமோ!

கடைசியில் நங்கநல்லூரில் ஒரு மாடிவீட்டில் பிரிசில்லா மேடம் அகப்பட்டாள். அவன் கேட்பதற்கு முன்பே நம்பரைக் காட்டினாள். ஜெனிட்டா செல்லில் பார்த்துவிட்டு, "இவங்கதாண்ணா, விட்டுறாதீங்க" என்றாள். மகளையும் கல்யாணியையும் கூட்டிக்கொண்டு வந்தபோதும் எல்லப்பனுக்கு மட்டும் ஏதோ இடித்தது. வாசலில் பெரிய போர்டு இல்லை. ஏ.சி. இல்லை. படியேறிப் போனால் ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு கூஜா. "மேடத்துக்குச் சொந்த ஊரு எது?" என்று நூல் விட்டுப் பார்த்தான். "இதே ஊர்தான் சார்" என்றாள். "அதுக்கு மின்ன?" என்றான். அவள் சிரித்துவிட்டு, "பொண்ண உள்ள அனுப்புங்க" என்றாள்.

கதவைச் சாத்தினாள். எல்லப்பனும் கல்யாணியும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்துக் கீர்த்தனா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. அம்மாவைப் பார்த்து, "தண்ணி இருக்காம்மா?" என்றாள்.

கல்யாணி உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு மகள் வாயிலிருந்து ஒரு பேச்சு! வேறு எவனாக இருந்தாலும் அந்த மேடத்தின் காலில் விழுந்திருப்பான். எல்லப்பன் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"பொண்ணுக்கு இன்னா கத மேடம்? எவனாச்சும் கெடுத்துட்டானா? மனசுல இன்னா வெச்சிகினு கீது?"

"அத நான் சொல்லக் கூடாது சார். அவங்க இங்க பேசறது இந்த ரூமத் தாண்டிப் போகாது. அவங்களுக்கும் அதச் சொல்லியிருக்கேன். அவங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் உங்களக் கூப்பிட்டுச் சொல்லுவேன். தொடர்ந்து வரட்டும், சரியாயிடுவாங்க."

"நான் பெத்தவன் மேடம்."

"தெரியும் சார். அவங்க வயசுக்கு வந்தவங்க."

பெத்தவனிடமே பூட்டுப் போடுகிறாள்! ஊரான் வீட்டு அடுப்படி வரைக்கும் எட்டிப் பார்த்தவனுக்கு, சொந்த மகளின் மனசில் என்ன இருக்கிறது என்பதை ஒரு அந்நியப் பொம்பளை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, தரமாட்டேன் என்கிறாள். அவனால் தாங்க முடியவில்லை. திரும்புகிற வழியெல்லாம் பொருமினான். "சொல்ல மாட்டேன்றாளே, இன்னா அர்த்தம்? ஒண்ணும் கண்டுபுடிக்கலன்னு அர்த்தம். இவளும் ஒரு டாக்டரு!" கல்யாணி மெதுவாக, "வாயத் தொறந்தாளேங்க" என்றாள். "நீ சும்மா இரு" என்று அடக்கினான்.

மகாபலிபுரத்துக்கு டூரிஸ்ட் சவாரி போன அன்றைக்குத்தான் அவன் கண்ணில் அந்தக் கட்டடம் பட்டது. ஈ.சி.ஆர். ஓரத்தில் முழுக்கக் கண்ணாடி. 'டாக்டர் பக்தவத்சலம், மனநல ஆலோசனை மையம்' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. எல்லப்பன் டயரை உதைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனான். ஆகா, இங்கே அல்லவா பதில் வந்தது! டீக்கடைக்காரன், "கை ராசிக்காரரு அண்ணாத்த, எங்கெங்கேர்ந்தோ காருங்க வருது" என்றான். இளநீர் விற்கிறவனும் அதையே சொன்னான். வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான். எல்லப்பனுக்கு மனசு குளிர்ந்தது. படாளத்துப் பக்கம் டீக்கடைக்காரனுக்குத் தெருவில் இருப்பவன் சொந்தக்காரன், பங்காளி, இல்லாவிட்டால் பகையாளி. இந்தக் கடைக்காரனுக்கோ, அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு வருகிறவர்கள்தான் வியாபாரம். அவர்கள் வராவிட்டால் இவன் பாய்லரை அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். வாழ்நாள் முழுக்க விசாரித்தவனுக்கு இது புரியவில்லை.

நம்பரை மறக்காமல் கேட்டான். பக்தவத்சலம் கடகடவென்று சிரித்தார். "நம்பரா? அதெல்லாம் இப்பதான் படிச்சுட்டு வர்ற சின்னப் பசங்களுக்கு. நான் எத்தனையோ வருஷமா இதுல இருக்கேன்." சுவரில் யார் யாரோடோ கைகுலுக்கிய போட்டோக்கள் இருந்தன. அடுத்து ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், எல்லப்பன் அங்கேயே விழுந்துவிட்டான். "பெத்தவங்களுக்குத் தெரியாம என்ன சார் வைத்தியம்? பொண்ணு என்ன சொன்னாலும் ஒரு எழுத்து விடாம உங்க காதுல போட்டுடுவேன். அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

கீர்த்தனா நங்கநல்லூர் மேடம்தான் வேண்டும் என்றாள். "அவங்க ஊருக்குப் போய்ட்டாங்கம்மா, இவரு அவங்களுக்கும் பெரியவரு" என்றான் எல்லப்பன். பொய்யே சொல்லாதவன் சொன்ன பொய் அது. அவளும் வந்தாள். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்று பிரிசில்லா சொன்னதை, பாவி மகள், எல்லா அறைக்கும் சேர்த்தே நம்பிவிட்டாள். பேசினாள். போகப் போக நிறையப் பேசினாள். வீட்டில் சோறு தின்றாள். ஒருநாள் ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினாள். ரசத்தில் உப்பு இல்லை என்று கல்யாணியோடு சண்டை போட்டாள். அந்தச் சந்தோஷத்தில் கல்யாணி உப்பைப் போட மறந்து சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

அதற்கடுத்த தடவை, கீர்த்தனாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, பக்தவத்சலம் எல்லப்பனை உள்ளே கூப்பிட்டுக் காபி வரவழைத்தார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஒரு எழுத்து விடவில்லை.

பூங்கொடிக்கு வலிப்பு இருந்ததாம். சின்ன வயசிலிருந்தே மாத்திரை போட்டு அடங்கிக் கிடந்ததாம். வெளியாட்களில் கீர்த்தனா ஒருத்திக்குத்தான் அது தெரியும். பாவாடையைத் துவைத்துக்கொண்டே ஒருநாள் அதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். எல்லப்பனின் காதில் அது விழுந்தது. பிறகு அச்சரப்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டார் பூங்கொடியைப் பார்க்க எல்லப்பனின் வேனில்தான் வந்தார்கள். திரும்புகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி, அவன் உள்ளதை உள்ளபடி சொன்னான். சம்பந்தம் முறிந்தது. அடுத்து விசாரிக்க வருகிறவன் கண்ணில் மாத்திரை அட்டை பட்டுவிடக் கூடாதென்று பூங்கொடியின் அம்மா எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டாள். மாத்திரை நின்ற கொஞ்ச நாளில், துணி துவைக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து தொட்டிக்குள் விழுந்தாள். முழங்கால் தண்ணீர்தான்.

"செத்துப் போறதுக்கு மொத நாள் பஸ் ஸ்டாப்புல உங்க பொண்ணப் பாத்துட்டு, அந்தப் பொண்ணு ஒண்ணுமே பேசாம நகர்ந்து போயிருக்கு. அதத்தான் தினமும் நெனச்சுக்கிட்டு இருக்கா" என்றார் பக்தவத்சலம். காபியை உறிஞ்சிவிட்டு, "இன்னொண்ணு சார். உங்கள அப்பான்னு கூப்பிடவே வாய் கூசுதாம். மனசுல வெச்சுக்காதீங்க. நல்ல எடமா பாத்து ஒரு கல்யாணத்தப் பண்ணிடுங்க, சரியாயிடும்" என்றார்.

எல்லப்பனுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். மகாபலிபுரத்தைத் தாண்டுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். திருக்கழுக்குன்றம் நெருங்கும்போது வண்டியை ஓரங்கட்டி, முழுசாகப் பின்பக்கம் திரும்பினான்.

"நான் இன்னா பொய்யா சொன்னேன்? அவளுக்கு வலிப்பு இருந்திச்சா, இல்லியா?"

கீர்த்தனா அவனைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

"அப்பான்னு கூப்புட வாய் கூசுதாமே? அந்தச் சேதி என் காதுக்கு எப்பிடி வந்திச்சு? நீ உங்கம்மா கையில சொன்ன. நீ சொல்லாங்காட்டி எனக்கு இன்னாடி தெரியும்? அவளக் கொன்னது நீ. என் மேல பழியப் போடுறியா?"

"ஐயோ, வேணாங்க!" என்று கல்யாணி அவன் வாயைப் பொத்த வந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் சொல்லி முடித்திருந்தான். கீர்த்தனா கத்தவில்லை, அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். படாளம் வந்து இறங்கியபோது கல்யாணி என்னென்னவோ கேட்டுப் பார்த்தாள். தலையாட்டல்கூட இல்லை.

இந்தத் தடவை அவள் படுத்த படுக்கையானாள். எழுப்பி உட்கார வைத்தால் உட்கார்ந்திருப்பாள். ஒரு மதியம் அவளைத் தூக்கி நிறுத்தப் போன எல்லப்பனுக்கு அவள் கனமே தெரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைத் தூக்குகிறாற்போல இருந்தது. அப்போதுதான் அவனுக்குள் ஏதோ விட்டுப்போனது. கதவைச் சாத்திக்கொண்டு தலையில் அடித்து அழுதான். மறுநாள் காலையில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அவளைச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரி பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, கொஞ்சம் சோறும் இறங்கியது. பேச்சு வர, பேசுகிறவர்களிடம் போக வேண்டும் என்றார். எல்லப்பன் நங்கநல்லூருக்கு ஓடினான்.

நடந்ததை மறைக்காமல் சொன்னான். கேட்டு முடித்த பிரிசில்லா கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

"வாராவாரம் கூட்டிட்டு வாங்க. அவங்களா பேசற வரைக்கும் நான் சும்மா கூட உக்காந்திருப்பேன். ஒண்ணே ஒண்ணு சார். நீங்க மேல வரக் கூடாது. கீழ வண்டியிலயே இருங்க. நீங்க பக்கத்துல இல்லன்னு அவங்களுக்கு நிச்சயமாத் தெரியணும்."

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம் மேடம். அவ பேசுனா போதும். என்னத் திட்டினாலும் சரி" என்று கும்பிட்டான். மனசாரத்தான் சொன்னான்.

சொன்னபடியே இருந்தான். சவாரிகளை விட்டான். பெண் பார்க்கிற வேலைக்கு இனிமேல் வரமாட்டேன் என்று கூட்ரோட்டில் சொல்லிவிட்டான். வாராவாரம் கல்யாணி மகளை மாடியில் விட்டுவிட்டு வருவாள். இருவரும் வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள். நேரம் முடிந்ததும் பிரிசில்லா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, இல்லை என்று தலையாட்டுவாள். இப்படியே ஐப்பசி போனது.

கார்த்திகையில் ஒருநாள் வானம் பொத்துக்கொண்டது. கல்யாணி எதிரே மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். எல்லப்பன் வண்டியிலிருந்து அண்ணாந்து பார்த்தான். மாடி வாசலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே கீர்த்தனாவின் செருப்பு கிடக்குமே. ஏற்கனவே இருமிக்கொண்டிருக்கிறாள், நனைந்த செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தால் சளி பிடித்துக்கொள்ளும். உள்ளே தள்ளி வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று படியேறினான்.

குனிந்து செருப்பைக் கையில் எடுத்தபோது உள்ளே குரல் கேட்டது. மகளின் குரல். கரகரத்து, உடைந்து, ஆனாலும் அவள் குரல்தான். என்ன பேசுகிறாள் என்பது அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. சத்தியமாக வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல் போதும். இன்னும் ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்று, மழைச் சத்தத்தில் நன்றாகக் கேட்கவில்லையே என்று, கதவில் காதை வைத்தான்.

"மேடம், அப்பா வெளிய நிக்கறாரான்னு பாக்கறீங்களா?"

"இல்லம்மா. அவர் கீழ வண்டியில இருக்கார். ஒருநாள்கூட மேல வந்ததில்ல. வா, நீயே பாத்துக்கோ" என்று பிரிசில்லா சொல்லிக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள்.

சாய்ந்திருந்த எல்லப்பன் தடுமாறி உள்ளே வந்து நின்றான். எதிரே நாற்காலியில் கீர்த்தனா.

"செருப்பு நனையுதேன்னு வந்தேம்மா" என்றான். உள்ளதை உள்ளபடி சொன்னான்.

அவள் எழுந்து வந்தாள். அவன் கையிலிருந்த செருப்பை வாங்கித் தரையில் போட்டு மாட்டிக்கொண்டாள். மேடத்தைப் பார்க்கவில்லை. மழையில் இறங்கிப் போய் வண்டியில் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் எவ்வளவு கெஞ்சியும் அவள் வரவில்லை. பிரிசில்லா படாளத்துக்கே வந்து அவள் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். பெரியாஸ்பத்திரி மாத்திரையை மட்டும் கை நீட்டி வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். மாடியில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.